குளிர்காற்றுக் குழாய் பொருத்தினால் கார் விரைந்து ஓடுமா?



மேரு, காப்பார், கிள்ளான் வட்டாரங்களில் வாழும் நமக்கு இன்று கார் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போகவும், வயதானவர்களை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் அது வேண்டியிருக்கிறது. தோட்டத்துக் குடும்பங்கள் பல, பிறர் ஓட்டிய பழைய புரோட்டோனையோ பெரோடுவாவையோ தவணை முறையில் வாங்கி, மாதாமாதம் பணம் கட்டி வருகின்றன.

வண்டி வீட்டுக்கு வந்த சில மாதங்களில் பிள்ளைகள் ஒரு செய்தியோடு வருவார்கள். "இயந்திரத்துக்குக் காற்றுப் போகும் பழைய பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளப்பான ஒரு குழாயையும் கூம்பு வடிவ வடிகட்டியையும் மாட்டினால் வண்டி பறக்கும்; பெட்ரோலும் மிச்சமாகும்" என்பார்கள். கடைகளில் இதற்கு 'கோல்ட் ஏர் இன்டேக்' என்று பெயர். நாம் இதைக் குளிர்காற்றுக் குழாய் என்று சொல்லுவோம். தரத்தைப் பொறுத்து சில நூறு வெள்ளியிலிருந்து ஆயிரம் வெள்ளிக்கு மேலும் இது விற்கிறது. 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்குச் சில நூறு வெள்ளி என்பது சிறிய தொகையா?

ஆகவே மூன்று கேள்விகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். இந்தக் குழாயால் வண்டியின் சக்தி கூடுமா? பெட்ரோல் மிச்சமாகுமா? இதனால் கெடுதல் ஏதும் உண்டா?

முதலில் இயந்திரம் எப்படி மூச்சு விடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அடுப்பு எரிய விறகு மட்டும் போதாது. காற்றும் வேண்டும் என்பது நம் தாய்மார்கள் அறிந்ததே. காரும் அப்படித்தான். ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று தேவை. 1.5 லிட்டர் கொள்ளளவுள்ள இயந்திரம் நிமிடத்திற்கு 3,000 சுற்று சுற்றும்போது, காலை முழுவதும் அழுத்தினால், ஒரு நிமிடத்தில் சுமார் 2,000 லிட்டர் காற்றை உள்ளே இழுக்கும். பழைய காலத்து மண்ணெண்ணெய் டின் 18 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் நிமிடத்திற்கு நூறு டின்னுக்கு மேல் காற்று!

இனி, காற்று குளிர்ச்சியாக இருந்தால் என்ன நன்மை? ஒரு வாளியில் பஞ்சைத் தளர்வாகப் போட்டால் கொஞ்சம்தான் கொள்ளும். அமுக்கிப் போட்டால் நிறையக் கொள்ளும். வாளியின் அளவு மாறவில்லை; பஞ்சின் நெருக்கம்தான் மாறியது. சூடான காற்று தளர்ந்த பஞ்சு போன்றது. குளிர்ந்த காற்று நெருங்கிய பஞ்சு போன்றது. இயந்திரத்தின் உருளை அந்த வாளி. குளிர்ந்த காற்று வந்தால் அதே இடத்தில் பிராணவாயு அதிகம் இருக்கும். அதிகப் பெட்ரோலை எரிக்கலாம். அதிகச் சக்தி கிடைக்கும். இந்த அளவில் கடைக்காரர் சொல்வது உண்மைதான்.

ஆனால் எவ்வளவு அதிகம்? இங்கேதான் கணக்கு வேண்டும். காற்றின் நெருக்கத்தைக் கணக்கிட, உஷ்ண அளவோடு 273-ஐக் கூட்டிக்கொள்ள வேண்டும். 45 பாகை சூடான காற்றுக்கு 318. 35 பாகைக்கு 308. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.03 வருகிறது. அதாவது 10 பாகை குளிர்ந்தால் காற்று சுமார் 3 சதவிகிதம் நெருக்கமாகிறது. ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

கேமரன் மலைக்குச் சென்றவர்கள் இதை நேரிலேயே உணர்ந்திருப்பார்கள். தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்று குளுகுளுவென்று இருக்கிறது. குளிர்காற்றுதான் எல்லாம் என்றால் அங்கே கார் துள்ளி ஓட வேண்டும். சாதாரணக் கார் அங்கே சற்றுச் சோர்ந்தே ஏறுகிறது. உயரத்தால் காற்றின் அழுத்தம் 16 சதவிகிதம் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. குளிர்ச்சி நமக்குத் திருப்பித் தருவது 3 சதவிகிதம் மட்டுமே. குளிர்ச்சியின் உதவி மெய்யானது; ஆனால் சிறியது.

அடுத்த செய்தி இன்னும் முக்கியமானது. தொழிற்சாலையில் காரைச் செய்தவர்களுக்கு இந்த விஷயம் தெரியாதா? நன்றாகவே தெரியும். இன்று ஓடும் பெரும்பாலான கார்களில், வடிகட்டிப் பெட்டிக்குக் காற்றைக் கொண்டுவரும் குழாயின் வாய் இயந்திரத்தின் சூட்டிலிருந்து விலகியே இருக்கிறது. சந்தேகம் இருந்தால், வண்டி ஆறிய பிறகு பானட்டைத் திறந்து பாருங்கள். வடிகட்டிப் பெட்டியிலிருந்து புறப்படும் குழாயைக் கையால் தொட்டுக்கொண்டே போனால், அது முன்புறச் சல்லடை அருகிலோ, விளக்கின் பின்புறத்திலோ போய் முடியும். அது வெளிக்காற்றை இழுக்கும் இடம். அப்படியானால் உங்கள் வண்டியில் குளிர்காற்றுக் குழாய் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு நீங்கள் பணமும் கொடுத்தாயிற்று.

மலிவான சில பொருள்கள் நிலைமையை மோசமாக்கவும் கூடும். கூம்பு வடிகட்டியை எந்த மறைப்பும் இல்லாமல் இயந்திரத்தின் பக்கத்திலேயே மாட்டிவிடுகிறார்கள். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வண்டி ஊர்ந்து போகும்போது, அது இயந்திரத்தின் அனலையே உறிஞ்சும். பெயரில் குளிர் இருந்தாலும் உள்ளே போவது சூடான காற்றுதான்.

நல்ல முறையில் செய்த குழாயாகவே இருந்தாலும், 100 குதிரைச் சக்தி கொண்ட காரில் உள்ளே போகும் காற்று 10 பாகை குளிர்ந்தால், மேற்சொன்ன கணக்குப்படி கிடைப்பது மிஞ்சிப்போனால் 3 குதிரைச் சக்தி. அதுவும் காலை முழுவதும் அழுத்தி, இயந்திரம் மிக வேகமாகச் சுழலும்போது மட்டுமே. ஆயிரம் கிலோ எடையுள்ள காரில் 60 கிலோ எடையுள்ள ஒருவர் கூடுதலாக ஏறினால் பாரம் 6 சதவிகிதம் கூடுகிறது. பாட்டி பின் இருக்கையில் உட்கார்ந்ததும் அந்த இலாபம் போய்விடும்.

அப்படியானால் மாட்டியவர்கள் "வண்டி நன்றாக இழுக்கிறது" என்று சொல்கிறார்களே, அவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. பழைய பெட்டிக்கு ஒலியை அடக்கும் வேலையும் உண்டு. அதைக் கழற்றியதும் காற்றை உறிஞ்சும் ஓசை 'உர்' என்று பெரிதாகக் கேட்கிறது. ஓசை கூடினால் வேகம் கூடியதாக மனம் எண்ணிக்கொள்கிறது. பணம் செலவழித்த பிறகு பலன் தெரிய வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்துகொள்கிறது. இதில் நாம் யாரையும் கேலி செய்வதற்கில்லை. எல்லா மனிதருக்கும் உள்ள இயல்பு இது.

இனி பெட்ரோல் விஷயம். லயத்துப் பொதுக் குழாயை நினைத்துப் பாருங்கள். குழாயைக் கால்வாசி மட்டும் திறந்து வைத்திருக்கிறோம். தெருவில் போகும் நீர்க்குழாயை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் வாளி விரைவில் நிரம்புமா? நிரம்பாது. தடுப்பது நம் கையிலுள்ள திருகு. பெட்ரோல் காரிலும் அப்படி ஒரு திருகு உண்டு. நாம் காலால் அழுத்தும் அளவுக்கே அந்தக் கதவு திறக்கும். மேருவிலிருந்து கிள்ளானுக்கு நிதானமாகப் போகும்போது அது கொஞ்சம்தான் திறந்திருக்கும். அந்த நேரத்தில் முன்னால் எவ்வளவு அகலமான குழாய் இருந்தாலும் பலன் இல்லை. மேலும், இன்றைய கார்களில் உள்ளே போகும் காற்றை அளந்து, அதற்கு ஏற்ற பெட்ரோலைக் கணினி தெளிக்கிறது. காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகமாகும். கூடுதல் சக்தியும் வேண்டும், பெட்ரோலும் மிச்சமாக வேண்டும் என்றால் இரண்டும் ஒன்றாக நடப்பதில்லை.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. கணினி வைத்த புதிய வகைக் கார்களில் வேண்டுமென்றே அடைபட்ட வடிகட்டியை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி வேகம் எடுப்பது மந்தமானது. பெட்ரோல் செலவில் சொல்லத்தக்க மாற்றம் இல்லை. அடைபட்ட வடிகட்டியை மாற்றியே பெட்ரோல் மிச்சமாகவில்லை என்றால், நல்ல வடிகட்டியைக் கழற்றிவிட்டு விலை உயர்ந்ததை மாட்டினால் எப்படி மிச்சமாகும்?

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில் கதை வேறு. அங்கே அடைபட்ட வடிகட்டியை மாற்றினால் 2 முதல் 6 சதவிகிதம் வரை பெட்ரோல் மிச்சமாகலாம் என்று அதே ஆய்வில் தெரியவந்தது. 1985-ல் ஷா ஆலாமிலிருந்து வெளிவந்த முதல் புரோட்டோன் சாகா அந்த வகை வண்டிதான். அந்தக் காலத்துப் பெரியவர்கள் "வடிகட்டியைக் கவனி, எண்ணெய் மிச்சமாகும்" என்று சொன்னது அன்றைய வண்டிக்குச் சரியான வார்த்தை. வண்டி மாறியபோது கணக்கும் மாறிவிட்டது.

மூன்றாவது கேள்வி கெடுதலைப் பற்றியது. வடிகட்டியின் முதல் வேலை தூசியைத் தடுப்பது. செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் லோரிக்குப் பின்னால் போகிறவர்களுக்கு அந்தத் தூசியின் அளவு தெரியும். காற்று தாராளமாகப் போகட்டும் என்று கண்கள் பெரிதாக உள்ள வடிகட்டியை மாட்டினால், நுண்ணிய மண்ணும் உள்ளே போகும். அது உருளையின் சுவரை உப்புத்தாள் போலத் தேய்க்கும். சேதம் இன்று தெரியாது. சில ஆண்டுகள் கழித்து இயந்திரம் எண்ணெய் குடிக்கும்போதுதான் தெரியும்.

அதைவிடப் பெரிய ஆபத்து தண்ணீர். சில குழாய்களின் வாய் குளிர்காற்றைத் தேடி பம்பருக்கு அடியில், சாலைக்கு மிக அருகில் இறங்கியிருக்கும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் வந்த பெருவெள்ளத்தை நாம் மறக்க முடியாது. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் கார்கள் கூரை வரை மூழ்கிக் கிடந்தன. அத்தகைய வெள்ளத்தில் எந்தக் காரும் தப்பாது. ஆனால் சாதாரண மழைக்குச் சாலையில் தேங்கும் முழங்கால் அளவுத் தண்ணீரே, தாழ்ந்த குழாய் வைத்த காருக்குப் போதும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உருளைக்குள் தண்ணீர் புகுந்தால், மேலே வரும் பிஸ்டன் அதில் மோதி, அதைத் தாங்கும் இரும்புத் தண்டு வளைந்துவிடும். பிறகு இயந்திரத்தையே பிரிக்க வேண்டியதுதான். தண்ணீரில் நின்றுவிட்ட வண்டியை, எந்த வண்டியானாலும், மறுபடி முடுக்கிப் பார்க்காதீர்கள். தள்ளி மேட்டுக்குக் கொண்டுவந்து மெக்கானிக்கை அழையுங்கள்.

குளிர்ந்த காற்று பெரும் பலன் தரும் வண்டிகளும் உண்டு. குலைகளை ஆலைக்கு ஏற்றிச் செல்லும் லோரிகள் பலவற்றில் டர்போ என்னும் காற்றமுக்கி இருக்கிறது. காற்றை அமுக்கினால் அது நூறு பாகைக்கு மேலும் சூடாகும். அதைக் குளிர வைக்க ரேடியேட்டர் போன்ற ஒரு கருவியைத் தொழிற்சாலையிலேயே பொருத்தியிருப்பார்கள். அங்கே குறைவது 10 பாகை அல்ல; பல பத்துப் பாகை. ஆகவே பலனும் பெரிது.

பெற்றோர்களே, பிள்ளை இந்தக் குழாயைக் கேட்டால் கோபித்துக்கொள்ள வேண்டாம். அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரே நிலையத்தில், ஒரே பம்பில் தொட்டியை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்துக்கொள்ளட்டும். மறுபடி நிரப்பும்போது தூரத்தை லிட்டரால் வகுக்கட்டும். 360 கிலோமீட்டருக்கு 30 லிட்டர் என்றால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர். மழை, நெரிசல், பாரம் இவற்றால் ஒவ்வொரு முறையும் கணக்குச் சற்று மாறும். ஆகவே நான்கைந்து முறை எழுதிச் சராசரி எடுக்க வேண்டும். குழாய் வாங்கிய நண்பன் ஒருவன் இருந்தால், அவனும் மாட்டுவதற்கு முன்னும் பின்னும் இப்படி எழுதி வைக்கட்டும். சக்தியை அளக்கும் இயந்திரம் வைத்திருக்கும் கடையில் அளந்து காட்டினால், பானட்டை மூடிவைத்து அளக்கச் சொல்லுங்கள். திறந்து வைத்து விசிறியைச் சுழலவிட்டால் எந்தக் குழாயும் நன்றாகத்தான் தெரியும். சாலையில் பந்தயம் ஓட்டிச் சோதிப்பது மட்டும் கூடவே கூடாது.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஓசையும் பளபளப்பும் பிடித்திருந்தால், அதற்காகக் கொடுக்கும் பணம் என்று தெரிந்துகொண்டு, சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்குங்கள். சக்திக்கும் பெட்ரோல் மிச்சத்துக்கும் என்று வீட்டில் சொல்லிப் பணம் கேட்காதீர்கள். சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும் சாதாரணக் காகித வடிகட்டியைக் காலத்தில் மாற்றுங்கள். செம்மண் பாதையில் ஓடும் வண்டியென்றால் இன்னும் சீக்கிரமாக மாற்றுங்கள். டயரில் காற்றைச் சரியாக வையுங்கள். இயந்திர எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றுங்கள். பின்பெட்டியில் கிடக்கும் தேவையற்ற பாரத்தை இறக்குங்கள். மீதிப் பணம் அடுத்த மாதத் தவணைக்கு ஆகும்.