ரத்தம் பாதி சொல்லும், மீதியை மனுஷன்தான் சொல்லணும்: 'செக்ஸ்' ஆய்வில் டாக்டர்கள் படும் பாடு

ராசிபுரம்:

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி, ராசிபுரம் என்றாலே லாரிதான். லோடு ஏற்றிக்கொண்டு வடமாநிலம் போகும் டிரைவர், கிளீனர்கள் வீடு திரும்ப வாரக்கணக்கில் ஆகும். அதனால் எய்ட்ஸ் தடுப்பு ஆய்வு என்றதும் முதலில் விசாரிக்கப்பட்டவர்களில் லாரிக்காரர்களும் உண்டு. "வெளியூரில் யாரோடாவது தொடர்பு உண்டா, ஆணுறை போட்டீர்களா?" என்று கேட்டால் யார்தான் வாயைத் திறப்பார்கள்? செக்ஸ் பற்றிய ஆராய்ச்சியில் பெரிய சிக்கலே இதுதான்.

ஐஸ் பெட்டியில் ரத்தம்

'எய்ட்ஸ் மேல்நாட்டு நோய், நம்ம ஊருக்கு வராது' என்று நம்பிக்கொண்டிருந்த காலம் அது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், தன் மாணவி டாக்டர் நிர்மலாவிடம் இந்த ஆய்வை ஒப்படைத்தார். பாலியல் தொழில் வழக்கில் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் எடுத்தார். கையுறைகூட கிடையாது. ரத்தத்தை வீட்டு பிரிட்ஜில்தான் வைத்திருந்தார்.

1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு ராத்திரி ரயில் ஏறி வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குப் போனார். டெஸ்ட் செய்ததில் 6 பேருக்கு எச்.ஐ.வி. கிருமி இருந்தது. அமெரிக்காவில் மறுபடியும் டெஸ்ட் செய்து உறுதி செய்தார்கள். இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டது அப்போதுதான். அதே ஆண்டு மே மாதம் அமைச்சர் எச்.வி.ஹண்டே சட்டசபையில் அறிவித்தார்.

ஆனால் ரத்தம் எதற்கு எடுக்கிறார்கள் என்பது அந்தப் பெண்களுக்கே தெரியாது. இன்றைக்கு அப்படிச் செய்ய சட்டத்தில் இடமில்லை.

கூச்சம் விடாது

ரத்தம் கிருமி இருப்பதைச் சொல்லும். எப்படி வந்தது, அடுத்து யாருக்குப் போகும் என்பதைச் சொல்லாது. அதை ஆள்தான் வாய்திறந்து சொல்ல வேண்டும். நேரில் கேட்டால் ஆம்பளை சில சமயம் கூட்டிச் சொல்வான். பொம்பளை பயந்து மறைப்பாள். வீட்டில் கேட்டால் மாமியார் காதில் விழும். ஷெட்டில் கேட்டால் முதலாளிக்குத் தெரிந்துவிடும் என்ற பயம்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கர்நாடகத்தில் ஓட்டுச்சாவடி மாதிரியே சர்வே நடத்தினார்கள். மறைப்புக்குப் பின்னால் தனியாக நின்று, கேள்வி எண் போட்ட அட்டையை 'ஆம்' பெட்டியிலோ 'இல்லை' பெட்டியிலோ போட வேண்டும். பேர் கிடையாது. நேரில் கேட்டபோது வெளியே வராத விஷயங்கள் பெட்டியில் வந்து விழுந்தன.

பாதியாகக் குறைந்த கணக்கு

கணக்கு தப்பினால் என்ன ஆகும்? இந்தியாவில் சுமார் 52 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி. இருப்பதாக ஒரு காலத்தில் சொன்னார்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் ரத்தத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. 2005-06ல் நடந்த தேசிய குடும்பநல சர்வேயில் வீடுவீடாகப் போய், சம்மதம் கேட்டு, 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் ரத்தம் எடுத்தார்கள். 2007ல் வந்த புதுக் கணக்கு சுமார் 25 லட்சம். மருந்து எவ்வளவு வாங்குவது, பணத்தை எந்த ஊருக்கு ஒதுக்குவது என்பதெல்லாம் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

ரகசியம் காக்க சட்டம்

2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த எச்.ஐ.வி. சட்டப்படி, சம்மதம் இல்லாமல் டெஸ்ட் எடுக்கக் கூடாது. முடிவை வெளியே சொல்லக் கூடாது. நோயைக் காட்டி வேலையை விட்டுத் துரத்தவும் கூடாது. ஆய்வுக்கும் சம்மதம் கட்டாயம்.

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் டெஸ்ட் இலவசம். சந்தேகம் இருந்தால் 1097க்கு போன் செய்யலாம், காசு கிடையாது. எச்.ஐ.வி. இருந்தாலும் கூட்டு மருந்தை விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல வாழலாம். சர்வேக்கு வருபவர்களிடம் பயப்படாமல் கேட்கலாம்: "என் பேரை எழுதுவீங்களா? இந்தத் தாளை யார் பார்ப்பாங்க?" இதற்கு ஒழுங்கான பதில் கிடைத்தால்தான் அங்கே உண்மையும் கிடைக்கும்.