நாடி நாற்பதுக்குக் கீழே இறங்கினால்...

ஆனியில் சாரல் விழத் தொடங்கினால் குற்றாலத்தில் சீசன். அருவிக்கு வருகிற குடும்பங்களில் பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஒருவராவது இல்லாதது அபூர்வம். குளித்துவிட்டு வந்த பெரியவர் கிறுகிறுத்துச் சாய்ந்தால், ‘பித்தம்’ என்று சுக்குக்காபி வாங்கிக் கொடுப்பார்கள். பல நேரம் அதுவே போதும். ஆனாலும் மணிக்கட்டில் நாடியை எண்ணிப் பாருங்கள். நிமிடத்துக்கு 40க்குக் கீழே என்றால் சுக்குக்காபிக்கு அங்கே வேலையில்லை.

தடைபடும் இடம்

இதயத்தின் மேலறையில் பிறக்கும் மின்தூண்டல், ஏ.வி. கணு வழியாகத்தான் கீழறைகளுக்குப் போக வேண்டும். ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906இல் இந்தக் கணுவை விவரித்தார். மேலிருந்து கீழே போய்ச் சேர 0.12 முதல் 0.20 நொடி ஆகும். தாமதம் கூடினால் லேசான தடை; எதுவுமே கீழே இறங்காவிட்டால் முழு ‘ஹார்ட் பிளாக்’. நாடி அப்படி இறங்க இது ஒரு காரணம். ரத்தக்குழாய் அடைப்பு வேறு, இது வேறு.

முகத்தில் குளிர்ந்த நீர் அடித்தால் வேகஸ் நரம்பு துடிப்பை மட்டுப்படுத்தும். நல்ல இதயம் அதைப் பொருட்படுத்தாது. ஏற்கெனவே தடை உள்ளவருக்கு அப்படியில்லை. காரணம் தெரியாமல் மயங்கி விழுந்தவர்கள் இ.சி.ஜி. பார்த்த பிறகு அருவிக்குப் போகலாம்.

மாத்திரை டப்பாவைப் பாருங்கள்

அட்டினலால், மெட்டோபுரொலால், டில்டியாசம், வெரபமில், டிகாக்சின் எல்லாமே ஏ.வி. கணுவை நிதானப்படுத்துபவை. பலருக்கு அதற்காகவேதான் தருகிறார்கள். இவற்றில் இரண்டு சேர்ந்தாலோ சிறுநீரகம் பழுதானாலோ நிதானம் எல்லை மீறும். சிறுநீரகம் பழுதானவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினாலும் இதே கதிதான். வெயிலுக்கு இதம் என்று நாம் வாங்கித் தரும் இளநீரில் பொட்டாசியம் நிறைய. மாத்திரையை நிறுத்துவதா என்பதை மருத்துவர் சொல்லட்டும். திடீரென்று விட்டால் நெஞ்சுவலி வரக்கூடிய மாத்திரைகளும் இதில் உண்டு.

ஊசி எதுவரை?

முதல் ஊசி பெரும்பாலும் அட்ரோபின். பூச்சிமருந்து நச்சை முறிக்கவும் இதுதான் என்பதால் நம் பக்கத்து மருத்துவமனைகளுக்குப் பழகிய மருந்து. வேகஸ் நரம்பின் பிடியைத் தளர்த்தி, கணுவைத் திறந்துவிடும். 1 மில்லிகிராம் ரத்தநாளத்தில் போட்டு, தேவைப்பட்டால் சில நிமிட இடைவெளியில் மொத்தம் 3 மில்லிகிராம் வரை தருவார்கள். (ஊமத்தையிலும் இந்தச் சத்து உண்டு என்று கைவைத்தியத்தில் இறங்கிவிடாதீர்கள், அது விஷம்.)

தடை கணுவுக்கும் கீழே இருந்தால் அட்ரோபின் அநேகமாகக் கைகொடுக்காது. அப்போது அட்ரினலின், டோபமின், ஐசோபுரினலின் ஆகியவற்றில் ஒன்று சொட்டுச்சொட்டாக ஏறும். பொட்டாசியம் காரணம் என்றால் கால்சியம் குளுக்கோனேட்; அது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்துக்குக் காவல் நிற்கும். குறைக்க இன்சுலினும் குளுக்கோஸும் தனியே வேண்டும்.

மூப்பால் மின்பாதையே தழும்பேறிப் போயிருந்தால் எந்த மருந்தும் அதைப் புதுப்பிக்காது. நிரந்தர வழி பேஸ்மேக்கர்தான். அதற்குப் போக வேண்டிய திருநெல்வேலி, குற்றாலத்தை ஒட்டிய தென்காசியிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல்; அதுவரை துடிப்பைத் தாங்கிப் பிடிப்பதே ஊசியின் வேலை. 108ஐ அழைத்ததும், நோயாளி சாப்பிடும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.