டகோட்டா விமானத்தின் வரலாறு

1947ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 10ஆந் திகதி இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, காங்கேசன்துறை என அக்காலத்தில் வழங்கப்பட்ட பலாலி நிலையத்தில் இறங்கி, பின்னர் சென்னையை அடைந்த விமானமே எயர் சிலோன் சேவையைத் தொடக்கிவைத்தது. 'சீதாதேவி' என்பது அதற்கு இடப்பட்ட பெயர். போர் முடிந்தபின் இலங்கையிலிருந்து வானூர்தி ஏறி வடக்கே சென்றவள் சீதை ஆதலின், பெயர் சூட்டியவர் காவியம் அறிந்தவர் என்றே கொள்ளலாம். புட்பகமோ குபேரனுக்கு உரியது, இராவணனாற் கவரப்பட்டது, போர் ஓய்ந்தபின் இராமனை அயோத்திக்குக் கொண்டுசென்றது. டகோட்டா இனத்தின் கதையும் ஏறக்குறைய அத்தகையதே.

இவ்வினம் போருக்கெனப் பிறந்ததன்று. 1932ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் ரி.டபிள்யு.ஏ. நிறுவனம் மூன்று யந்திரங்கள் கொண்ட பயணிகள் விமானம் ஒன்றைக் கேட்டது. ஒரு யந்திரம் நின்றுவிட்டாலும் தான் பயன்படுத்தும் எந்த நிலையத்திலிருந்தும் அது மேலெழுதல் வேண்டும் என்பது நிபந்தனை. டொனால்ட் டக்ளஸ் என்பாரின் தொழிலகத்தார் இரண்டு யந்திரங்களே போதுமென்றனர். 1933இல் அரிசோனா மேட்டுநிலத்தில் ஒரு யந்திரத்தை நிறுத்தியே மேலெழுந்து காட்டவுஞ் செய்தனர். அதுவே டி.சி. 1. அடுத்து டி.சி. 2 வந்தது. அதன்பின் அமெரிக்கன் எயர்லைன்ஸ் தலைவர் சி.ஆர். சிமித், பயணிகள் இரவில் உறங்கிச் செல்லக்கூடிய அகன்ற விமானம் வேண்டுமென வற்புறுத்தினார். பதினான்கு படுக்கைகளுடன் அது 1935ஆம் ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி முதன்முறை பறந்தது. பகலில் 21 பேர் அமர்ந்து செல்லும் வகையே டி.சி. 3 எனப் புகழ்பெற்றது. அதற்கு முன்னர் தபாற் கூலியை நம்பியே விமான நிறுவனங்கள் உயிர்வாழ்ந்தன. பயணிகள் தருங் கட்டணத்தாலேயே இலாபம் ஈட்டலாம் என்பதை மெய்ப்பித்தது இவ்விமானம்.

அதன் உறுதிக்குக் காரணம் சிறகின் அமைப்பு. ஒரே பாரந்தாங்கியை நம்பாது, பல அறைகள் சேர்ந்த பேழைபோற் செய்யப்பட்டமையால், ஓரிடம் சிதைந்தாலும் சுமை மற்ற இடங்களுக்குப் பகிரப்படும். 1941இல் சீனாவில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் மாணவர் நம்பத் தயங்குவர். யப்பானியர் குண்டு வீசியதால் ஒரு டி.சி. 3 தன் வலச் சிறகை இழந்து நின்றது. மாற்றுச் சிறகு கிடைக்கவில்லை. ஹொங்கொங்கில் இருந்த டி.சி. 2 இனத்துச் சிறகொன்றை இன்னொரு விமானத்தின் வயிற்றின்கீழ்க் கட்டிக் கொணர்ந்து பொருத்தினர். அது மற்றச் சிறகிலும் ஐந்து அடி குறைந்தது. ஆயினும் விமானம் ஹொங்கொங் போய்ச் சேர்ந்தது. அதனை 'டி.சி. இரண்டரை' என்று வேடிக்கையாக அழைத்தனர்.

போர் மூண்டதும் கதை மாறியது. தரையை வலுப்படுத்தி, இடப்புறத்தில் ஜீப் வண்டி ஏற்றத்தக்க பெருங் கதவு வைத்து, சுவரோரமாக வாங்குகள் அமைத்தனர். ஆயுதந் தாங்கிய 28 வீரர் அவற்றில் எதிரெதிராக அமரலாம். இப்போர் வடிவத்துக்கு அமெரிக்கர் இட்ட பெயர் சி. 47, பிரித்தானிய விமானப்படையினர் இட்டதே டகோட்டா என்னும் பெயர். பயணிகள் சேவைக்கெனக் கட்டப்பட்டவை அறுநூறளவே. படைக்கெனக் கட்டப்பட்டவையோ பதினாயிரத்துக்கும் மேல். சோவியத் நாடும் யப்பானும் உரிமம் பெற்றுத் தாமுங் கட்டின. ஆகவே ஒரே போரில் இரு பக்கத்தாரும் ஒரே விமானத்தை ஓட்டினர்!

1944 யூன் 6ஆந் திகதி நோர்மண்டியில் வான்குடை வீரரை இறக்கியது பலரும் அறிந்தது. நமக்கு அண்மையில் நடந்ததே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. அவ்வாண்டு யப்பானியர் இம்பாலுக்குச் செல்லும் வீதியை அறுத்துவிட, ஏறத்தாழ மூன்று மாதம் அங்கிருந்த படைக்கு உணவும் வெடிமருந்தும் எரிபொருளும் வானவழியே சென்றன. திரும்பும் விமானங்களிற் காயமுற்றோர் வந்தனர். அப்போர்முனையை நடத்திய தென்கிழக்காசியத் தலைமையகம் 1944 ஏப்பிரலிலிருந்து பேராதனையில் இயங்கியது. பலாலி ஓடுபாதையும் அப்போரின் தேவைக்காகவே பிரித்தானியராற் போடப்பட்டது.

போர் முடிந்ததும் ஆயிரக்கணக்கான டகோட்டாக்கள் வேலையின்றி நின்றன. அவற்றை ஓட்டத் தெரிந்தவரும் பழுதுபார்க்கத் தெரிந்தவரும் படையிலிருந்து வெளிவந்து நின்றனர். உதிரிப்பாகங்களுங் குவிந்து கிடந்தன. புதிதாக விடுதலை பெற்ற வறிய நாடுகள் சொந்த விமான சேவை தொடங்க முடிந்தது இதனாலேயே. சுவரோர வாங்குகளைக் கழற்றி, முன்னோக்கிய இருக்கைகளை வரிசையாகப் பூட்டி, யன்னல்களுக்குத் திரையிட்டால் பயணிகள் விமானம் ஆயத்தம். இந்தியாவில் 1953இல் எட்டு நிறுவனங்கள் ஒன்றாக்கப்பட்டபோது சேர்ந்த 99 விமானங்களில் 74 டகோட்டாக்களே.

பயணம் இன்பமானதென்று சொல்வதற்கில்லை. வால் தரையிற் படிந்து நிற்பதால், ஏறியவர் சரிவில் மேல்நோக்கி நடந்தே தம் இருக்கையை அடைதல் வேண்டும். உள்ளே காற்றழுத்தம் பேணும் வசதியில்லை. ஆதலாற் பதினாயிரம் அடிக்கு மேற் பொதுவாகச் செல்வதில்லை. முகிலுக்கு மேலே தப்பிச் செல்ல முடியாமல் முகிலினூடேயே குலுங்கிச் செல்லும். வேகம் மணிக்கு ஏறத்தாழ 160 மைல். எனினும் தலைமன்னார் வரை புகைவண்டி, பின்னர் கப்பல், மீண்டும் புகைவண்டி என்று சென்னைக்குப் போன யாழ்ப்பாணத்தவருக்குப் பலாலியிலிருந்து ஒரே காலையிற் கடல் கடப்பது சிறிய பேறன்று.

டகோட்டாவுக்கு ஈடு இன்னொரு டகோட்டாவே என்று விமானிகள் சொல்வதுண்டு. அது அன்பின் மிகுதி, முழு உண்மையன்று. 1948இல் பேர்லின் நகருக்கு உணவும் நிலக்கரியும் கொண்டுசென்றபோது அது சுமந்தது மூன்றரைத் தொன். நான்கு யந்திர சி. 54 சுமந்ததோ பத்துத் தொன். சில மாதங்களிலேயே அமெரிக்கர் அதனை விலக்கிவிட்டனர். எயர் சிலோனும் 1960களில் அவ்ரோ 748 விமானத்தை வாங்கியது. 1970களின் இறுதியில் அந்நிறுவனமே மறைந்தது. பலாலி சர்வதேச நிலையமாகி, சென்னைச் சேவை மீண்டது 2019இலேதான். அப்போது வந்திறங்கிய ஏ.ரி.ஆர். விமானமும் இரண்டு சுழல்விசிறிகள் கொண்டதே. ஆனால் எழுபதளவு பயணிகளை ஏற்றுவது. பழைய டகோட்டா ஒன்றைக் காண விரும்பும் மாணவர் இரத்மலானையிலுள்ள விமானப்படை நூதனசாலைக்குச் செல்லலாம்.

1956 ஒக்டோபர் 31ஆந் திகதி தென்துருவத்தில் முதன்முதலாக இறங்கிய விமானமும் இவ்வினத்ததே. சில்லுகளோடு பனிச்சறுக்குக் கட்டைகளும் பூட்டியிருந்தது. பழைய யந்திரங்களை நீக்கிச் சுழலி யந்திரம் பொருத்திய அதன் உடன்பிறப்புகள் சில, எண்பதாண்டு கடந்த உடலோடு, இன்றும் அப்பனிக்கண்டத்தில் ஆராய்ச்சியாளரை ஏற்றிப் பறக்கின்றன.