மறைந்துபோன இராகலைப் புகைவண்டி

நமது ஹேவாஹெட்ட மலைச்சாரலிலே, லூல்கந்துர தோட்டத்தில், ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது 1867ஆம் ஆண்டில். கொழும்பிலிருந்து புகைவண்டி கண்டியை வந்தடைந்ததும் அதே ஆண்டிலேதான். தேயிலையும் தண்டவாளமும் இவ்வாறு ஒருங்கே வளர்ந்த மலைநாட்டில், இன்று மறைந்துபோன கிளைப்பாதை ஒன்றும் இருந்தது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்குச் சென்ற பாதையே அது.

பெரிய இருப்புப்பாதை 1885இல் நானுஓயாவை எட்டியது. ஆயினும் நுவரெலியா நகரமும், அதற்கப்பால் உடப்புசல்லாவைத் தோட்டங்களும் ஒதுங்கியே கிடந்தன. அக்குறையைத் தீர்க்கவே இக்கிளைப்பாதை அமைந்தது. 1903இல் நுவரெலியாவுக்கும், 1904இல் இராகலைக்கும் வண்டி ஓடிற்று. வழியிலிருந்த கந்தப்பளை நிலையம், இன்று நாட்டின் மிக உயரமான நிலையமாகிய பட்டிப்பொலவையும் விட உயரத்தில் நின்றது.

தண்டவாளங்களின் இடைவெளி 2 அடி 6 அங்குலமே. மலை வளைவுகளில் திரும்புவதற்கும் செலவைச் சுருக்குவதற்கும் அது ஏற்றதாயிருந்தது. ஆனால் அச்சிக்கனமே பின்னர் சுமையாயிற்று. பெரிய பாதையின் அகலமோ 5 அடி 6 அங்குலம். ஆதலால் ஒவ்வொரு தேயிலைப் பெட்டியையும் நானுஓயாவில் இறக்கி, மறு வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. லொறியோ தொழிற்சாலை வாசலுக்கே வந்தது. போட்டியில் தளர்ந்த பாதை 1940களில் மூடப்பட்டது.

பாதை தேயிலைக்காகவே பிறந்தது. தேயிலைக்கு வேறு வழி கிடைத்ததும் மடிந்தது. அங்கு வாழ்ந்த மக்களின் தேவை கணக்கில் முன்னிற்கவில்லை. அதே பத்தாண்டிலே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழ்த் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எஞ்சியோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் பிறந்தது. உரிமை காலந்தாழ்ந்தேனும் திரும்பிற்று. இராகலை வண்டி திரும்பவேயில்லை.

நோர்வே நாட்டில் 1962இல் மூடப்பட்ட செட்டஸ்தால் என்னும் நாட்டுப்புறக் குறும்பாதையின் ஒரு பகுதியை ஆர்வலர்கள் பேணி, இன்றும் நீராவி வண்டி ஓட்டி வருகின்றனர். நம்மிடம் தண்டவாளம் எஞ்சவில்லை, நினைவுகளேனும் எஞ்சலாம். கந்தப்பளையிலும் இராகலையிலும் உள்ள முதியோர், தம் பெற்றோரிடம் கேட்ட கதைகளை அறிந்திருப்பர். மாணவர்கள் அவற்றைக் கேட்டு எழுதிவைப்பார்களாயின், மலைநாட்டு வரலாற்றில் ஓர் ஏடு காக்கப்படும்.