தொழிலறிந்த மருத்துவர்

“திங்கட்கிழமைதோறும் நெஞ்சு இறுகுகிறது” என்று நூற்பாலைத் தொழிலாளி ஒருவர் சொன்னால், மருத்துவர் அதற்கு என்ன பொருள் கொள்வார்? பஞ்சுத் தூசியால் விளையும் பிஸினோசிஸ் என்னும் நுரையீரல் நோய், வார விடுமுறைக்குப்பின் வேலைக்குத் திரும்பும் நாளில்தான் முதலில் தலைகாட்டும். நூற்பாலைகள் மலிந்த திருப்பூர் வட்டாரத்தில் இவ்வினா மிக இன்றியமையாதது.

இத்தகைய தொழில்நோய்களைக் கண்டறியும் திறனை எம்.பி.பி.எஸ். தேறியவர்கள் பெறுதற்கென்றே ஏ.எஃப்.ஐ.எச். என்னும் மூன்று மாத மேற்படிப்பு உள்ளது. மும்பை மத்தியத் தொழிலாளர் நிலையம் முதலியன அதனை நடத்துகின்றன. தொழிலறிந்த மருத்துவர், நோயாளியின் வேலை யாதென முதலில் வினவுவார். வேலைக்கு முன்னும் பின்னும் அவர் மூச்சின் வலிமையை அளந்து ஒப்பிடுவார். தொடக்கத்திலேயே தூசியினின்று விலகினால் நலம் திரும்பும். காலம் கடந்தால் நுரையீரற் கேடு மீளாது.

மருத்துவம் பயில விழையும் மாணவர்களே, பட்டத்தோடு படிப்பு முடிவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பேன்.