சாட்டிலைட் டோல் வந்தா நமக்கு லாபமா?

அம்பத்தூரில் வீடு, போரூரில் ஆபீஸ், தினமும் சொந்த கார். பெருங்களத்தூர்–புழல் சென்னை பைபாஸ் மொத்தம் 32 கி.மீ. நீங்க ஓட்டுறது அதுல ஒரு சின்னத் துண்டுதான். ஆனா வானகரம் டோல்கேட்டைத் தாண்டினா, அந்த கேட்டுக்கான முழுக் கட்டணமும் கட்டணும்.

சாட்டிலைட் டோல்னா என்ன?

காரில் பொருத்தும் கருவி, நெடுஞ்சாலையில் நீங்க ஓட்டின தூரத்தை சாட்டிலைட் மூலம் கணக்கிடும். 2024 செப்டம்பரில் மத்திய அரசு திருத்திய விதிப்படி, இந்த முறையில் ஒரு நாளைக்கு, ஒவ்வொரு திசையிலும் 20 கி.மீ. வரை கட்டணம் இல்லை. அதைத் தாண்டினா, ஓட்டின தூரத்துக்குக் கட்டணம். அம்பத்தூர்–போரூர் ஆளுக்கு டோல் பூஜ்ஜியம்!

செலவு எங்கே?

கருவிக்குக் காசு. உங்க கார் எங்கெல்லாம் போச்சுங்கிற பதிவு இன்னொருத்தர் கையில். பைபாஸை ஒட்டியே சர்வீஸ் ரோடு ஓடுற இடத்தில் சிக்னல் சில மீட்டர் தப்பினாலும், போகாத ரோட்டுக்குக் காசு பிடிக்க வாய்ப்பு உண்டு.

2025 மே 1 முதல் இது நாடு முழுக்க வருதுன்னு பரவிய செய்திக்கு, அப்படி முடிவு எதுவும் எடுக்கலைன்னு ஏப்ரலிலேயே அமைச்சகம் சொல்லிடுச்சு. அதனால இதை நம்பி பட்ஜெட் போடாதீங்க.

கையில் இருக்கிற இரண்டு பாஸ்

வருடாந்திர பாஸ்டேக் பாஸ்: 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமானது. ஒரு வருஷம் அல்லது 200 முறை, எது முதலில் முடியுதோ அதுவரை. ஒரு முறைக்கு 15 ரூபாய். ஆனா மாசம் 22 நாள் போய் வந்தா 44 முறை. நாலரை மாசத்தில் பாஸ் காலி. மாசத்துக்கு 660 ரூபாய் ஆகுது.

உள்ளூர் மாதாந்திர பாஸ்: டோல்கேட்டிலிருந்து 20 கி.மீ.க்குள் வசிக்கிறவங்களின் சொந்த வாகனத்துக்கு. 2025-26இல் மாசம் 350 ரூபாய். எத்தனை முறை வேணும்னாலும் போகலாம். மாற்றுச் சாலை இருந்தா கிடைக்காதுங்கிற நிபந்தனை விதியில் இருக்கு. முகவரிச் சான்றோட கேட்டிலேயே விசாரிங்க.

இந்த விலைப்படி, ஒரே கேட்டை மாசம் 24 தடவைக்கு மேல் தாண்டினா உள்ளூர் பாஸ்தான் மிச்சம். எப்பவாவது ஊருக்குப் போறவங்க சாதாரண பாஸ்டேக் கட்டணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து வருடாந்திர பாஸ் எடுக்கலாம்.

ஆவடி, பூந்தமல்லி மக்கள் ஒண்ணு கவனிங்க: வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை மாநில அரசோடது. வருடாந்திர பாஸ் அங்கே செல்லாது.

சாட்டிலைட் வரும்போது வரட்டும். இன்னைக்கே பாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டைத் திறந்து, போன மாசம் எந்த கேட்டை எத்தனை தடவை தாண்டினீங்கன்னு எண்ணிப் பாருங்க.