"அபராதம் எனக்கா வந்துச்சு, தம்பி?"

காலை நிகழ்ச்சியில் சட்டம், தண்டனை என்று நேயர்களுடன் பேசிக்கொண்டிருந்தேன். கிள்ளானிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போன கணவர், கார் மோதி இறந்துவிட்டாராம். ஓட்டியவருக்குச் சிறையும் அபராதமும் கிடைத்தன. "அபராதம் அரசாங்கத்துக்குப் போச்சு. எனக்கு என்ன வந்துச்சு, தம்பி?"

வானொலியில் சும்மா இருக்கக்கூடாது. எனக்குப் பதில் வரவில்லை. பாட்டைப் போட்டுவிட்டேன்.

பழைய இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் மக்களிடம் இதற்குப் பதில் இருந்தது. கொன்றவன், இறந்தவரின் குடும்பத்துக்கு 'வெர்கில்ட்' என்ற உயிர்விலையைக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் பழிக்குப் பழிதான். வெஸ்ஸெக்ஸில் சாதாரணக் குடியானவனுக்கு 200 ஷில்லிங், பிரபுவுக்கு 1,200. (அங்கும் அந்தஸ்து பார்த்துத்தான்!) கி.பி. 600 வாக்கில் கென்ட் அரசர் எதெல்பெர்ட்டின் சட்டத்தில் கண்ணுக்கு 50 ஷில்லிங், கட்டைவிரலுக்கு 20. காப்புறுதிப் பட்டியலேதான்.

நம் சோழர் காலக் கல்வெட்டுகளிலும் இப்படிப்பட்ட வழக்குகள் உண்டு. வேட்டையில் அம்பு தவறி ஆள் இறந்தால் ஊரார் கூடிப் பேசுவார்கள். கொல்லும் எண்ணம் இல்லை என்று தெரிந்தால் உயிருக்கு உயிர் கேட்கமாட்டார்கள். கோயிலில் நந்தா விளக்கு எரிக்கச் சொல்வார்கள். ஒரு விளக்குக்கு வழக்கமாக 96 ஆடுகள், நாள்தோறும் ஓர் உழக்கு நெய். கிழடு செத்தாலும் குட்டிகள் கணக்கை நிரப்பும் என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர்.

அழகான ஏற்பாடுதான். ஆனால் விளக்கு கோயிலில் எரிந்தது. அந்த வீட்டு அடுப்பு? இந்த ஒரு விஷயத்தில் வெள்ளைக்காரன் கணக்குதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

இங்கே நிலைமை என்ன? பிரிக்பீல்ட்ஸில் தே தாரிக் குடித்தபடி வழக்கறிஞர் நண்பர் விளக்கினார். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 41-ஆவது பிரிவில், ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, 20,000 முதல் 50,000 ரிங்கிட் அபராதம். அதில் குடும்பத்துக்கு ஒரு காசு இல்லை. அவர்கள் 1956 சிவில் சட்டத்தின்கீழ் தனியாக வழக்குப் போட வேண்டும். இழந்த வருமான ஆதரவைக் கேட்கலாம். கணவனையோ மனைவியையோ இழந்த துயருக்கென்றே ஒரு தொகை உண்டு. 10,000 ரிங்கிட்டாக இருந்தது 2019-இல் 30,000 ஆனது. நம் வெர்கில்ட்!

"ஆனால் இறந்து மூன்று வருடத்துக்குள் போடணும்," என்றார் நண்பர்.

உடனே அக்காவை அழைத்தேன். வழக்குப் போடலாம் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. விபத்து நடந்த தேதியைக் கேட்டேன். இன்னும் நான்கு மாதம் இருந்தது.